கம்பெனி முகாமில் பரிசோதனைக்கு ரத்தமும் கொடுத்து ஊசியும் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் தொழிற்சாலையில் வேலை. வயது 46. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். அடுத்த வாரம் கம்பெனியில் மருத்துவ முகாம். ரத்தப் பரிசோதனையோடு ஃப்ளூ, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் போடுகிறார்கள். அன்று மாத்திரை சாப்பிடலாமா? போன முகாமில் பிரஷர் 160/100 என்றார்கள். வீட்டில் 130-ஐத் தாண்டுவதில்லை. எதை நம்புவது?

பதில்: பிரஷர் மாத்திரையை வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினை ரத்தம் கொடுத்த பிறகு டிபனோடு சாப்பிடுங்கள். முந்தின இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடித்தால் காலை 7 மணிக்குப் பத்து மணி நேரம் ஆகிவிடும், அது போதும். இடையில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்; சர்க்கரை போடாத காபியும் வேண்டாம். முகாம் 11 மணிக்குத்தான் என்றால் அதுவரை பட்டினி கிடக்காதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. சாப்பிட்டுவிட்டுப் போய், எச்பிஏ1சி பரிசோதனை கேளுங்கள். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். ரத்தசோகை இருந்தால் அந்த எண் தவறலாம், முன்பே சொல்லிவிடுங்கள்.

160/100 எப்படி வந்திருக்கும்? ஷாப் ஃப்ளோரிலிருந்து வேகமாக நடந்து வந்து, டீ குடித்து, வரிசையில் நின்று, உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றியிருப்பார்கள். காற்று ஏறும்போதே பெயர், வயது கேட்டிருப்பார்கள். பேசினாலே அளவு ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், கால் மேல் கால் போட்டிருந்தாலும், பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் அப்படித்தான். டீ, சிகரெட் இல்லாமல் அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்காருங்கள். சட்டைக் கையை விலக்கி, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காக முகாம் எண்ணை ஒதுக்கிவிடவும் கூடாது. ஏழு நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை வீட்டில் பார்த்து எழுதுங்கள். சராசரி 135/85-ஐத் தொட்டால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். வீட்டு மெஷினையும் கொண்டுபோய் அவருடையதோடு ஒப்பிடுங்கள். மணிக்கட்டு மெஷின் என்றால் மேற்கையில் கட்டுவதாக மாற்றிவிடுங்கள். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108.

இரண்டு தடுப்பூசியையும் ஒரே நாளில் போடலாம், இடம் மட்டும் வேறாக இருக்க வேண்டும். ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, அப்புறம் ஊசி. ஊசி போட்டதும் சிலர் மயங்கி விழுவதுண்டு. உட்கார்ந்து போட்டுக்கொண்டு, 15 நிமிடம் அங்கேயே இருங்கள். லேசான சளி தடையில்லை. காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள்.

முகாம்களில் கோட்டைவிடுவது ஹெபடைட்டிஸ் பி-யில்தான். அது மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். முகாம்காரர்கள் முதல் டோஸோடு கிளம்பிவிடுவார்கள். மற்ற இரண்டையும் யார், எங்கே போடுவார்கள் என்று அன்றே கேளுங்கள். தாமதமானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மருந்துக் குப்பி நேரடியாக ஐஸைத் தொட்டுக்கொண்டு இருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை உறைந்தால் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும்.

மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி எழுதிய சீட்டைக் கையோடு வாங்குங்கள். பரிசோதனை ரிப்போர்ட்டை எச்.ஆர். வழியாக அனுப்பாமல் உங்களிடமே தரச் சொல்லுங்கள். இஎஸ்ஐ இருந்தால் இஎஸ்ஐ மருத்துவமனையில் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி அங்கேயே சிகிச்சையைத் தொடரலாம்.