கென்யிர் ஏரியில் டென்டுக்குள் தண்ணீர்: தார்ப்பாயை மடியுங்கள்

மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் உள்ள கென்யிர் ஏரிக்கரையில், இருவர் படுக்கும் டென்டுக்கு அடியில் 3 மீட்டர் தார்ப்பாய் விரித்தும் விடிவதற்குள் தரை நனைந்தது என்கிறீர்கள். நனைத்ததே அந்தத் தார்ப்பாய்தான். டென்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஓரம், மேல்துணியிலிருந்து வழியும் மழையைப் பிடித்து நேராக அடியில் கொண்டுவந்து தேக்குகிறது. மேலே நீங்கள் படுத்ததும் உடல் எடை அந்த நீரைத் துணி வழியாக உள்ளே தள்ளிவிடும். நான்கு பக்கமும் கீழ்நோக்கி மடித்து, டென்ட் ஓரத்திலிருந்து 5 முதல் 10 செ.மீ. உள்ளே அடங்கும்படி வையுங்கள். வாய்க்கால் வெட்ட வேண்டாம், மண்தான் அரிக்கும்.

உள்தரை பிசுபிசுப்பாக இருந்தாலோ செதில் செதிலாக உரிந்தாலோ, தண்ணீர் புகாமல் தடுக்கும் பூச்சு போய்விட்டது. டென்டை மாற்றுவதே நல்லது. நம் ஊர் ஈரப்பதத்தில் நனைந்ததை அப்படியே ஸ்டோர் ரூமில் வைத்தால் இதுதான் நடக்கும். திரும்பிய அன்றே விரித்து, மின்விசிறிக்கடியில் காயவையுங்கள்.

கூரையில் துளிகள் நிற்பது பெரும்பாலும் உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். மழையிலும் காற்றுத் துவாரங்களை மூடாதீர்கள். நைலான் நனைந்தால் தொய்யும். படுக்கும் முன் கயிறுகளை மறுபடி இறுக்குங்கள்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். கென்யிர் அணைக்கட்டு ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும், ஓடைகள் திடீரெனப் பெருகும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திட்டமிட்டிருந்தால் தயவுசெய்து மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள்.