விடுபட்ட எண் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

காரணிகள் மிகுந்த எண்களைக் கணித மேதை ராமானுஜன் தொகுத்த பட்டியலில் கடைசியாக உள்ள 6746328388800-க்கு 10080 காரணிகள் உண்டு என்று படித்து மலைத்துப்போனேன். கணினி இல்லாத காலத்தில் இதை அவருடைய குலதெய்வமான நாமகிரித் தாயார்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு இவ்வெண்ணின் சிறப்பை எப்படி விளக்குவது? நம் பள்ளிகள் இதையெல்லாம் ஏன் கற்பிப்பதில்லை?

ச.

அன்புள்ள ச.,

பள்ளிகளைத் திட்ட வேறு ஆளைப் பாருங்கள். மகளோடு உட்கார்ந்து எண்களைப் பற்றிப் பேச நினைக்கும் தகப்பன் மீது எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் அந்தத் தாயார் வாக்கியத்துக்காக உங்களைக் கண்டிக்காமல் விட மாட்டேன். ராமானுஜனின் பக்தி அவருடையது. அவருடைய உழைப்பைத் தூக்கி அம்மன் கணக்கில் எழுத நாம் யார்?

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் தன் அளவுக்குக் காரணிகள் இல்லை என்றால் அது உயர் பகு எண். 12-க்கு ஆறு காரணிகள்; அதற்கு முந்தைய எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது. 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய 102 எண்களின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சொன்ன எண்ணில் 2-இன் அடுக்கு 6, 3-இன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, 11 முதல் 23 வரையுள்ள ஐந்து பகா எண்களுக்கும் 1. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×32, அதாவது 10080. இதில் மந்திரம் எதுவும் இல்லை. எந்த அடுக்கை ஏற்றினால் எண் எவ்வளவு பெருக்கும், காரணிகள் எவ்வளவு பெருகும் என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கடினம்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. ஒரு விழாவில் நான் இதைச் சொன்னபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, தெய்வப் பிறவியைக் குறை சொல்லாதே என்று அதட்டினார். பாதிப் பேச்சோடு இறங்கி வந்தேன். அவரிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். பட்டியலில் உள்ள 321253732800-ஐ எடுத்து, அதிலிருந்து 23-ஐ நீக்கி, பதிலுக்கு ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் பெருக்கிப் பாருங்கள்; விடுபட்ட எண் வந்துவிடும். 23 போய் 21 வந்ததால் எண் சற்றே சிறுத்தது. காரணிகளும் 5376-இலிருந்து 5040 ஆயின; ஆனாலும் அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இப்படி மயிரிழையில் ஒன்றையொன்று முந்தும் எண்களைக் கையால் கணக்கிட்டு வரிசைப்படுத்தியவரின் கண்ணுக்கு ஒன்று தப்பியது என்றால், நான் அவரை அங்கேதான் மிக அருகில் பார்க்கிறேன். விடுபட்ட அதே எண்ணை 23-ஆல் பெருக்கினால் உங்களை மலைக்க வைத்த கடைசி எண் கிடைக்கும் என்பதையும் கவனியுங்கள். அருள்வாக்கில் எண் விடுபடாது ஐயா, கைக்கணக்கில்தான் விடுபடும். அந்தக் கட்டுரைக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

மகளிடம் பதின்மூன்று இலக்க எண்ணைக் காட்டி மிரட்ட வேண்டாம். 60-ஐக் கொடுத்துக் காரணிகளை எழுதச் சொல்லுங்கள், பன்னிரண்டு வரும். 12-க்கு 6, 6-க்கு 4. பிறகு மேல்நோக்கிப் போகட்டும்: 5040-க்குக் காரணிகள் 60, விடுபட்ட எண்ணுக்கு 5040.