பஞ்சர் கேள்வி பதில்: முள்ளை எடுத்தீங்களா?

காரைக்குடியில சைக்கிள் கடை வச்சு முப்பத்தோரு வருசம் ஆச்சு. டியூப், டயர், வால்வு பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. பைக், ஸ்கூட்டி வேண்டாம், அது என் தொழில் இல்லை.

கானாடுகாத்தான், கல்லூரி மாணவர்: அண்ணே, ஒட்டின மறுநாளே அதே சக்கரம் இறங்கிடுது. இது மூணாவது தடவை.

ஓட்டையை அடைச்சீங்க தம்பி, முள்ளை எடுத்தீங்களா? நம்ம பக்கம் கண்மாய்க்கரை, ரோட்டோரம் பூரா சீமைக்கருவேலம். அந்த முள் டயர்ல ஏறினா வெளிப்பக்கம் ஒடிஞ்சு விழுந்துடும், நுனி மட்டும் ரப்பருக்குள்ள நிக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. காத்து அடிச்சு ஆள் ஏறி உக்காந்ததும் நுனி தலையை நீட்டும்.

டியூபைக் கழட்டும்போதே வால்வு இருந்த இடத்துக்கு நேரா டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. ஓட்டை தெரிஞ்சதும் டியூபை டயர் மேல அதே மாதிரி வச்சுப் பாருங்க. வால்வுலேர்ந்து ஓட்டை எத்தனை சாண் தள்ளி இருக்கோ, டயர்லயும் அத்தனை சாண் தள்ளித்தான் முள் இருக்கும். எந்தப் பக்கம்னு சந்தேகம்னா ரெண்டு பக்கமும் தேடுங்க. வெறும் விரலை விட்டுத் தடவாதீங்க, கிழிச்சுடும். பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்பக்கம் சுத்தி இழுங்க. முள் இருக்கிற இடத்துல நூல் மாட்டிக்கும். பிறகு குறட்டை வச்சுப் பிடுங்குங்க.

தேவகோட்டை: ராத்திரி காத்து அடிச்சா காலையில பாதி இல்லை. டியூபைத் தண்ணியில முக்கினா குமிழியே வரலை.

முதல்ல வால்வைப் பாருங்க. நம்ம பழைய மாடல் சைக்கிள்ல வால்வுத் தண்டு மேல சின்னதா ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருக்கும், வால் டியூப்னு சொல்வோம். வெயில்ல நின்னு நின்னு அது நைஞ்சுடும். வால்வு வாயில எச்சில் தொட்டு வைங்க, எச்சில் மெதுவா குமிழியா ஊதிக்கிட்டு வந்தா அதுதான். மாத்தினா தீர்ந்தது. அதுலயும் இல்லைன்னா டியூபை வெளியில எடுத்து, டயருக்குள்ள இருக்கிறதை விடப் பெருசாகும்படி காத்து அடிச்சு முக்குங்க. ரப்பர் விரிஞ்சாத்தான் ஊசிமுனை ஓட்டை வாயைத் திறக்கும்.

புதுவயல்: ரெண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்துல, பாம்பு கடிச்ச மாதிரி. இதுவும் முள்ளா?

இல்லை. காத்துக் குறைச்சலோட பள்ளத்துல இறக்கியிருக்கீங்க. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கினா இப்படித்தான் ஆகும்.

ஆத்தங்குடி: ஸ்கூட்டி டியூப்லெஸ் டயருக்கு...

பைக் மெக்கானிக்கைப் பாருங்க.

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற ஆசிரியை: பேத்திக்குச் சைக்கிள் வாங்கியிருக்கோம். அவளே ஒட்டக் கத்துக்கணும். முறையாச் சொல்லுங்க.

ரொம்ப சந்தோசம் ஆச்சி. 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்ப ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. ஓட்டத் தெரிஞ்ச பிள்ளை நடுவழியில யாரையும் எதிர்பார்த்து நிக்கக்கூடாது. உங்க ஊர் முருகப்பா குடும்பம்தான் 1949-ல டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினது. நான் முதன்முதல்ல பிரிச்சுப் பழகினதும் அவங்க செஞ்ச ஹெர்குலிஸ் சைக்கிள்தான்.

ஓட்டையைச் சுத்தி பேட்ச்சை விடக் கொஞ்சம் அகலமா உப்புத்தாள் போடணும். பளபளப்பு போய் மங்கலாகணும். டியூப் நெடுக ஒரு வரப்பு மாதிரி கோடு ஓடும், அது ஓட்டைக்குப் பக்கத்துல இருந்தா தேய்ச்சு மட்டமாக்கணும். வரப்பு நின்னா அது வழியா காத்து கசியும். தேய்ச்ச இடத்துல கை படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டவிடாது. சொல்யூஷனை, அதாவது பஞ்சர் ஒட்டுற பசையை, மெல்லிசாத் தடவிட்டு அஞ்சு நிமிசம் சும்மா இருக்கணும். இதுலதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. ஈரமா இருக்கும்போது ஒட்டினா நிக்காது. மினுமினுப்பு போன பிறகு பேட்ச்சை வச்சு நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அழுத்தணும். மேல கொஞ்சம் பவுடர் தூவிட்டா டயர்ல ஒட்டாது. உள்ள வைக்கிறதுக்கு முந்தி, முள்.

கோட்டையூர், பெரியவர்: பேட்ச் எல்லாம் வியாபாரம் தம்பி. எங்க ஐயா மலேயாவுல ரப்பர் தோட்டத்துல கணக்குப் பார்த்தவுக. ரப்பர் ரப்பரோட சேரும்பாக. நான் அம்பது வருசமா பழைய டியூபை வெட்டித்தான் ஒட்டுறேன்.

ஐயா சொன்னது பச்சை ரப்பருக்குச் சரி. மரத்துப் பாலு உறைஞ்சு வர்ற ரப்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். டியூப் வெந்த ரப்பர். 1839-ல சார்லஸ் குட்இயர்ங்கிறவர் கந்தகம் போட்டுச் சூடுபண்ணிக் கண்டுபிடிச்ச வேலை அது. வெந்த ரெண்டு துண்டு தானாச் சேராது, நடுவுல இருக்கிற பசைதான் பிடிக்கும். கடைப் பேட்ச்சோட அடிப்பக்கம் இன்னும் வேகாத ரப்பர். சொல்யூஷன் பட்டதும் அது டியூபோடயே சேர்ந்து வெந்துடுது.

தேவகோட்டை: பெரியவர் சொல்றதுதான் சரி. எங்க அப்பாவும் துண்டுதான் ஒட்டுவார், டியூப் கிழிஞ்சாலும் ஒட்டு விடாது.

விடாதுதான், நான் மறுக்கலை. நானும் துண்டு ஒட்டிப் பிழைச்சவன். ஆனா அப்ப இருந்தது மரத்து ரப்பர் டியூப். இப்ப வர்ற பல டியூப் பியூட்டைல், 1937-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்ச செயற்கை ரப்பர். காத்தை நல்லாப் பிடிச்சு வைக்கும், பசையை அவ்வளவு லேசில் ஏத்துக்காது. துண்டு ஒட்டித்தான் ஆகணும்னா ரெண்டு பக்கமும் தேய்ச்சு, ரெண்டுலயும் சொல்யூஷன் தடவிக் காயவிடுங்க. மூலையை வட்டமா வெட்டுங்க, கூர்மூலைதான் முதல்ல பெயரும்.

அரியக்குடி: நாங்க சொல்யூஷன்ல தீக்குச்சி கிழிச்சு வச்சு, அணைஞ்சதும் ஒட்டுவோம். சட்டுனு பிடிக்கும்.

வேண்டவே வேண்டாம்! அது பெட்ரோல் மாதிரிப் பத்துற சரக்கு. பக்கத்துல சொல்யூஷன் டியூப் வாயைத் திறந்து கிடந்தா என்ன ஆகும்? என் கடையில வேலை கத்துக்கிட்ட பையன் ஒருத்தனுக்கு உள்ளங்கை வெந்துபோச்சு. அஞ்சு நிமிசம் பொறுங்க.

கோட்டையூர், பெரியவர்: நெருப்பு விசயத்துல தம்பி சொல்றது சரி. துண்டு விசயத்துல நான் ஒத்துக்க மாட்டேன்.

கடைக்கு வாங்கய்யா. ஒரே டியூபுல ரெண்டு ஓட்டை போடுவோம். ஒண்ணுல உங்க துண்டு, ஒண்ணுல என் பேட்ச். ஒரு மாசம் நானே ஓட்டுறேன்.

குன்றக்குடி: வால்வு அடியில கிழிஞ்சிருக்கு.

ஒட்ட முடியாது. டியூப் மாத்துங்க.

செக்காலை: உள்ள ஊத்துற பஞ்சர் திரவம்?

வால் டியூப் வால்வுல வேண்டாம், அடைச்சுக்கும்.

திருப்பத்தூர்: ஒட்டின மறுநாளே இறங்குது, ஏன்?

முதல் பதிலைப் படிங்க.

புதுவயல்: புது டியூபே போட்டேன், ரெண்டு நாள்ல பஞ்சர்.

புது டியூபுக்கு முள் தெரியுமா? துணியை விட்டு இழுங்க.

கானாடுகாத்தான், கல்லூரி மாணவர்: அண்ணே, ஒண்ணு இல்லை, மூணு இருந்துச்சு.

டயரை வெயில்ல மடக்கிப் பாருங்க தம்பி. உள்நூல் தெரிஞ்சா டயரையும் மாத்தணும்.