ஒரே பெயரில் இரண்டு பிரபலங்கள் இருந்து குழப்பம் ஆனதுண்டா?

உண்டு. எனக்குப் பிடித்த ஜோடி, இரண்டு வின்ஸ்டன் சர்ச்சில்கள்.

1899-இல் இங்கிலாந்தின் சர்ச்சிலுக்கு வயது 24. அப்போது அவருடைய நாவல் ஒன்று பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. நாவல் பிரமாதம் என்று பாராட்டுக் கடிதங்கள் வர, மனிதருக்கு ஒரே குஷி. பிறகுதான் விஷயம் தெரிந்தது: பாராட்டெல்லாம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட வேறொரு நாவலுக்கு! எழுதியவர் பெயரும் வின்ஸ்டன் சர்ச்சில். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் 1871-இல் பிறந்தவர். இருவரும் உறவினர்கள் இல்லை.

உடனே லண்டனிலிருந்து கடிதம் பறந்தது. “திரு. வின்ஸ்டன் சர்ச்சில், திரு. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வணக்கம் தெரிவித்துக்கொள்கிறார்” என்கிற தோரணையில் ஆரம்பம். இனி என் புத்தகங்களில் ‘ஸ்பென்சர்’ சேர்த்துக்கொள்கிறேன் என்று இவரே இறங்கி வந்தார். ‘எனக்கு வேறு பெயர் இருந்திருந்தால் நானும் சேர்த்திருப்பேன்’ என்று அங்கிருந்து பதில். பின்னாளில் இவருடைய புத்தக அட்டைகளில் ‘வின்ஸ்டன் எஸ். சர்ச்சில்’ என்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்த ஆண்டே இருவரும் பாஸ்டனில் சந்தித்தார்கள். ஒற்றுமை பெயரோடு நிற்கவில்லை. இருவரும் ராணுவப் பயிற்சி பெற்றவர்கள், ஓவியம் தீட்டியவர்கள், அரசியலில் இறங்கியவர்கள். அமெரிக்கர் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் இருந்தார். ஆளுநர் பதவி மட்டும் கைகூடவில்லை. 1947-இல் மறைந்தார். இலக்கிய நோபல் 1953-இல் கிடைத்தது, பெயரில் விட்டுக்கொடுத்தவருக்கு.