ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிகலா?

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம் பற்றி எங்கள் மாணவர்கள் படக் கண்காட்சி வைக்கிறார்கள். ஆங்கிலப் பலகையில் ‘ஹிஸ்டாரிக்’ என்று எழுதுவதா, ‘ஹிஸ்டாரிகல்’ என்று எழுதுவதா? நாளைக்குப் பெயின்டர் வருகிறார்.

பதில்: இரண்டும் வேண்டும். யாத்திரைக்கு ஹிஸ்டாரிக், படங்களுக்கு ஹிஸ்டாரிகல்.

குழப்பத்துக்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. வரலாற்று நாவல் என்கிறோம், வரலாற்று வெற்றி என்றும் சொல்கிறோம். நாவல் பழைய காலத்தைப் பற்றியது, அவ்வளவுதான், அது ஹிஸ்டாரிகல். வெற்றியோ வரலாற்றில் நின்றுவிட்டது, அது ஹிஸ்டாரிக். சந்தேகம் வந்தால் ‘சிறப்புமிக்க’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்று நீங்கள் சொல்ல நினைத்தால் ஹிஸ்டாரிக். ‘பழைய காலத்தைச் சேர்ந்த’ என்பதே போதுமென்றால் ஹிஸ்டாரிகல்.

1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது ஹிஸ்டாரிக். அன்றுமுதல் நாள்தோறும் குறித்துவைத்த நீர்மட்டக் கணக்கு ஹிஸ்டாரிகல். ஜூன் 12ஆம் தேதி குறுவைக்குத் தண்ணீர் திறந்தால் நமக்கெல்லாம் வயிறு குளிரும். ஆனால் ஆண்டுதோறும் அதை ஹிஸ்டாரிக் என்று எழுதினால் சொல் தேய்ந்துபோகும். ‘வரலாறு காணாத’ என்பதற்கும் இது ஈடாகாது. முன்பு நடந்தே இராததற்கு ஆங்கிலத்தில் ‘அன்பிரசிடென்டட்’ என்று தனிச்சொல் உண்டு.

உங்கள் யாத்திரைக்கு ஹிஸ்டாரிக் என்ற சொல் முழுக்கத் தகும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்தார். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் விடவில்லை; சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். உங்கள் ஊர் வழியாகவும் போன கூட்டம் அது. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார். இன்று அங்கே நினைவுத்தூண் நிற்கும் இடத்தையும் ஹிஸ்டாரிக் என்றே எழுதலாம்.

மாணவர்கள் கேட்கக்கூடிய இன்னொன்று: முன்னால் ‘எ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா? ‘ஹ’ ஒலிப்பதால் ‘எ ஹிஸ்டாரிக்’ என்பதே நல்லது. ‘ஆன்’ போடுகிறவர்களும் உண்டு. அதைத் தப்பென்று அடிக்க வேண்டாம். வினையடையாக மாறும்போது இரண்டுக்கும் ‘ஹிஸ்டாரிகலி’ ஒன்றுதான்.

பெயின்டரிடம் இப்படிக் கொடுங்கள்: மேல் வரியில் பெரிய எழுத்தில் ‘தி ஹிஸ்டாரிக் வேதாரண்யம் சால்ட் மார்ச், 1930’. கீழே சின்னதாக, ‘அன் எக்ஸிபிஷன் ஆஃப் ஹிஸ்டாரிகல் போட்டோகிராப்ஸ்’.