செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் ஒரே பக்குவம் பார்க்கலாமா?

கேள்வி: நாங்குநேரி பக்கம் எங்கள் ஊர். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி செம்பருத்தியும் இட்லிப்பூவும் மாற்றி மாற்றி நட்டிருக்கிறேன். போர் தண்ணீர்தான். மாதம் ஒரு தடவை எல்லாச் செடிக்கும் ஒரு கை டிஏபி உரம் போடுகிறேன். இட்லிப்பூவில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. செம்பருத்தியில் மொட்டு உதிர்கிறது, நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் வெண்டை வேறு இருக்கிறது, அதற்கும் பரவுமா? எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது?

பதில்: வணக்கம் அண்ணாச்சி. எதையும் பிடுங்க வேண்டாம். இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும், ஒற்றுமை அதோடு சரி. செம்பருத்தி ஏறக்குறைய எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பூச்சி அதைத் தேடி வரும். இட்லிப்பூவுக்குப் பூச்சித் தொல்லை குறைவு, அதைப் படுத்துவது மண்ணும் தண்ணீரும்தான்.

முதலில் டிஏபியை நிறுத்துங்கள். இட்லிப்பூ லேசான அமில மண்ணில் வளருகிற செடி. நீங்கள் ஊற்றுகிற தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அதைப் பாருங்கள். போதாததற்குச் சுவர் கட்டும்போது சிந்திய சிமெண்டும் காரையும் அந்த ஓரத்து மண்ணிலேயே கிடக்கும். மண் காரமாகிவிட்டால் இரும்புச்சத்து உள்ளே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, அதற்கு மேல் டிஏபியில் இருக்கிற மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடினால் இன்னும் முடங்கிப்போகும். நுனியில் இருக்கிற இளம் இலை மஞ்சளாகி அடி இலை பச்சையாக இருந்தால் இரும்புக் குறைதான். தழைச்சத்து (நைட்ரஜன்) குறை என்றால் அடி இலைதான் முதலில் வெளுக்கும், அதனால் யூரியாவைப் போட்டுத் தேற்றிவிடலாம் என்று இறங்கிவிடாதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்து சாயங்காலம் இட்லிப்பூ இலை நனையத் தெளியுங்கள், பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியதை வாங்காதீர்கள். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்து அடிக்கணும். மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு மண் அதைச் சீக்கிரமே முடக்கிவிடும். வேரில்தான் கொடுக்க வேண்டுமென்றால் கடையில் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு என்று கேட்டு வாங்குங்கள், இடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிற்காது. மஞ்சளான பழைய இலை முழுசாகத் தேறாது, புதுத் துளிரின் நிறத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதை இந்தச் செடிக்கென்றே ஒதுக்குங்கள், மக்கின தொழு உரமும் தாராளமாகப் போடலாம். அடுப்புச் சாம்பல் மட்டும் கிட்டேயே போகக் கூடாது.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கும், எறும்பைத் தடுக்காமல் மருந்தடித்துப் பயனில்லை. மோசமான நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, ஹோஸில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மறுநாள் சாயங்காலம் லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து அடியுங்கள், வாரம் ஒரு தடவை. கடுமையான விஷ மருந்துக்குப் போகாதீர்கள். 2008 வாக்கில் நம் மாநிலத்துக்குள் வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சியை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அடக்கின. உங்கள் செடியிலும் அந்த மாதிரி நன்மை செய்யும் பூச்சிகள் இருக்கும், விஷம் அடித்தால் முதலில் சாவது அவைதான்.

மொட்டு உதிர்வதற்குப் பூச்சி ஒரு காரணம், மண் காய்வது இன்னொன்று. ஆனி, ஆடிக் காற்றில் மண் ஒரே நாளில் காய்ந்துவிடும், அடியில் சருகு மூடாக்குப் போட்டு தண்ணீரை ஒழுங்காக விடுங்கள், ஆனால் தேங்கக் கூடாது. உரம் என்றால் தொழு உரமும் கொஞ்சம் பொட்டாஷும் போதும். செம்பருத்தி புதுக்கிளையில்தான் பூக்கும், தை மாசியில் மூன்றில் ஒரு பங்கு துணிந்து வெட்டலாம். இட்லிப்பூ கிளை நுனியில் பூக்கிற செடி, கொத்து உதிர்ந்ததும் நுனியை லேசாகக் கிள்ளினால் போதும், அடிக்கடி கத்தரித்து வேலி மாதிரி சீராக்கிக்கொண்டே இருந்தால் பூவையே பார்க்க முடியாது.

வெண்டைக்குப் பரவும் அண்ணாச்சி. செம்பருத்தி, வெண்டை, பருத்தி மூன்றும் ஒரே குடும்பம். செம்பருத்தி கிளை வெண்டைச் செடியைத் தொடாமல் ஒதுக்கி வெட்டுங்கள், வாரம் ஒரு நாள் வெண்டை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒன்றிரண்டு செடியில் இருக்கும்போதே கையால் நசுக்கிவிட்டால் மருந்துக்கே வேலை இருக்காது.