மாவடு, ஆடிக்கூழ், புத்தரிசி: பருவச் சமையல் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எல்லாக் காய்களும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. பருவம் பார்த்துச் சமைப்பதற்கு இனி என்ன அவசியம்?

பதில்: கிடைப்பது வேறு, விளைவது வேறு. மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை, துவரை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் ஒருசேர வருகின்றன. பொங்கலன்று பல காய்களைச் சேர்த்துக் குழம்பு வைக்கும் வழக்கம் அந்த விளைச்சலிலிருந்து வந்ததுதான். பருவ உணவு என்றால் விலக்க வேண்டியவற்றின் பட்டியல் என்று பலரும் கருதுகிறார்கள். அறுவடையையும் வெயிலையும் மழையையும் ஒட்டி அடுப்படி நடந்த முறை அது என்பதே என் கருத்து. சந்தையில் எந்தக் காய் திடீரென்று குவிந்து விலை இறங்குகிறதோ, அதை அந்த வாரம் வாங்குங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் மாவடு போடுகிறேன், இரண்டு மாதத்தில் பூஞ்சை பூத்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஈரமும் உப்புக் குறைவுமே காரணம். மாசி, பங்குனியில் வரும் வடுவில் அடிபடாத, கொட்டை முற்றாத உருண்டைகளாகப் பொறுக்கி, காம்பைச் சிறிது விட்டு நறுக்குங்கள்; அடியோடு கிள்ளிவிட்டால் அந்த இடத்திலிருந்தே அழுகத் தொடங்கும். கழுவியபின் துணியில் பரப்பி, ஒவ்வொன்றையும் துடைத்து, ஈரம் முழுவதும் போகும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு விளக்கெண்ணெய் புரட்டி, ஒரு கிலோ வடுவுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் கல்லுப்புச் சேர்த்து ஜாடியில் அடுக்குங்கள். நாள்தோறும் குலுக்கிவிட்டால் வடு தன் நீரை விட்டுத் தோல் சுருங்கும். அந்த உப்புநீரிலேயே கொஞ்சம் எடுத்துக் கடுகு, மிளகாய், மஞ்சள் ஆகியவற்றை அரைத்துக் கலக்க வேண்டுமே தவிர, பச்சைத் தண்ணீர் ஒரு துளியும் சேரக்கூடாது. முக்கியமாக, வடு உப்புநீரில் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். மேலே மிதப்பதில்தான் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்ததை மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுவதை நான் ஏற்பதில்லை. அந்த ஜாடியைக் கொட்டிவிடுவதே நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காக உப்பைக் குறைத்து ஊறுகாய் போடுவதும் சரியன்று, ஏனெனில் வடுவைக் காப்பதே அந்த உப்புதான். அவர்கள் உண்ணும் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆடி மாதத்தில் கூழ் காய்ச்சுவதற்கு வழிபாட்டைத் தவிர வேறு காரணம் உண்டா?

பதில்: உண்டு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அது விதைக்கும் மாதம், வயலில் வேலை மிகுந்த மாதம். நெல்லைவிடக் கேழ்வரகு பூச்சி அரிக்காமல் நெடுநாள் இருக்கும் என்பதால் வீட்டில் கைவசம் இருந்திருக்கும். மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் வெந்த அரிசி நொய்யில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டி ஆறவைத்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் வயலுக்குப் போகிறவருக்கு உணவும் நீரும் ஒன்றாகவே கிடைத்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பகுதிதான். ஆகவே கூழை ஆடியோடு நிறுத்திவிடாமல் சித்திரை வெயிலிலும் காய்ச்சுங்கள்.

கேள்வி: தை மாதத்தில் வாங்கிய புத்தரிசியில் சோறு குழைந்துவிடுகிறது.

பதில்: புத்தரிசியின் இயல்பே அதுதான். பொங்கலுக்கு அது பொருந்துவதும் அதனால்தான். ஒரு குவளைக்கு மூன்று குவளை நீர் வைப்பவர் என்றால் அரைக் குவளை குறைத்துப் பாருங்கள். சில மாதங்கள் இருப்பு வைத்தால் அதே அரிசி நீரை இழுத்து உதிரியாக வேகும்.

கேள்வி: தீபாவளி லேகியத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஐப்பசி மழையில், எண்ணெய்ப் பலகாரம் உண்ட வயிற்றுக்காகச் செய்யப்படுவது அது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் காரமானவை. பெரியவர்களுக்குச் சுண்டைக்காய் அளவும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அதில் பாதியும் போதும். சிலர் தேன் சேர்த்துக் கிளறுவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: தில்லியில் குடியிருக்கிறோம். ஊரில் பாட்டி சொன்ன மாதக் கணக்கை இங்கேயும் பின்பற்றலாமா?

பதில்: மாதத்தை அப்படியே பின்பற்றாதீர்கள், அதன் காரணத்தைப் பின்பற்றுங்கள். மழைக்காலத்தில் கீரையைக் குறைக்கச் சொன்னது, சேறும் புழுவும் இலையில் ஒட்டி வரும் என்பதற்காக. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அந்த அடைமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது; தில்லியில் அது ஆடி, ஆவணியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எனவே ஊரில் கீரையைத் தயங்கி வாங்கும் கார்த்திகையில், உங்கள் சந்தையில் கடுகுக்கீரையும் வெந்தயக்கீரையும் நல்ல பதத்தில் வரத் தொடங்கியிருக்கும். அங்கே குளிர்காலத்துக்கே உரிய சிவப்புக் கேரட்டையும் பச்சைப் பட்டாணியையும் நம் கூட்டிலும் பொரியலிலும் தாராளமாகச் சேர்க்கலாம். வடகம் இடுவதற்கும் இதே கணக்குதான்: பனிமூட்டம் விலகி, காலை முதல் மாலை வரை வெயில் நிலையாக அடிக்கும்வரை காத்திருங்கள். கூழைத் துணியில் இட்டு, மறுநாள் துணியின் பின்புறம் நீர் தெளித்து உரித்தெடுத்து, ஒடித்தால் சட்டென்று முறியும்வரை காயவைத்துவிட்டு டப்பாவில் போடுங்கள்.